வெளியில் படம் எடுக்கப் போகுமுன்

சித்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே தமிழ் பேசும் ஒரு குடும்பம். அந்த வீட்டுத் தாத்தா இறந்துபோனார். சுவரில் மாட்ட அவர் படத்தைத் தேடினார்கள். நல்ல படம் ஒன்றுகூட இல்லை.

வாக்காளர் அட்டையில் ஒரு சின்னப் படம் இருந்தது. அதைப் பெரிதாக்கி மாட்டினார்கள். முகம் கலங்கலாகத் தெரிந்தது.

"எத்தனை வருசம் கூட இருந்தவரு. இந்தப் படத்துல யாரோ மாதிரி இருக்காரே" என்று பாட்டி கண் கலங்கினார்.

மருமகளுக்கு மனம் கேட்கவில்லை. "அத்தை, உங்களை நல்லா ஒரு படம் எடுத்து வைக்கணும். எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கலாம்" என்றார்.

"போன தடவை எடுத்தியே, அது மாதிரியா?" என்று பாட்டி கேட்டார்.

மருமகள் சிரித்துவிட்டார். போன தடவை நடந்தது என்ன?

எங்கே தவறு நடந்தது?

குடும்பத்தோடு தலகோனா அருவிக்குப் போயிருந்தார்கள். ஆந்திராவிலேயே உயரமான அருவி அது. உயரம் சுமார் 270 அடி. அருவி முழுவதும் படத்தில் விழ வேண்டும் என்று மருமகள் வெகுதூரம் தள்ளி நின்று எடுத்தார். அருவி விழுந்தது. ஆட்கள் கடுகு போலத் தெரிந்தார்கள்.

பிறகு கிட்டே வந்து எடுத்தார். அப்போது உச்சி வெயில். எல்லோர் கண்ணுக்கடியிலும் கறுப்பு நிழல். இன்னொரு படத்தில் பின்னால் வானம் பளிச்சென்று இருந்தது. முகங்கள் இருட்டாகிவிட்டன. அடுத்த படம் எடுக்கும்போது செல்போனில் இடம் இல்லை. பிறகு சார்ஜும் தீர்ந்துபோனது.

செல்போன் நல்ல செல்போன்தான். புறப்படுமுன் யாரும் திட்டம் போடவில்லை. அதுதான் குறை.

இந்தத் தடவை ஒரு திட்டம்

அடுத்த மாதம் சின்னப் பேரனுக்குத் திருமலையில் முதல் மொட்டை. மருமகள் ஒரு தாளை எடுத்தார். அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தவர் அவர். நான்கு கேள்விகளை எழுதினார்.

எங்கே எடுப்பது?
எப்போது எடுப்பது?
என்ன கொண்டுபோவது?
எங்கே எடுக்கக் கூடாது?

நாமும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கே எடுப்பது?

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். வழியில் சந்திரகிரி வருகிறது. அங்கே மலையடியில் பழைய கோட்டை இருக்கிறது. விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் அங்கிருந்து ஆண்டார்கள். 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கொடுக்கப்பட்டது. அப்போது அந்தப் பகுதி இந்த அரசர்களின் ஆட்சியில்தான் இருந்தது.

கோட்டைக்குள் ராஜ மகால், ராணி மகால் என்று இரண்டு கட்டடங்கள் உள்ளன. ராஜ மகால் மூன்று அடுக்கு. கல், செங்கல், சுண்ணாம்பு கொண்டு கட்டியது. மர உத்திரமே கிடையாது. சுற்றிலும் புல்வெளியும் மர நிழலும் உண்டு. வயதானவர் உட்காரலாம்.

"மொட்டை போடறதுக்கு முன்னால, பிள்ளை முடியோட இருக்கறப்பவே இங்க எடுத்துடலாம் அத்தை" என்றார் மருமகள்.

திருமலையில் சிலாதோரணம் என்ற இடம் இருக்கிறது. பாறையில் இயற்கையாகவே உண்டான வளைவு அது. மனிதர் கட்டியது அல்ல. காற்றும் மழையும் பல லட்சம் ஆண்டுகளாக அரித்து உண்டாக்கியது. அகலம் சுமார் 8 மீட்டர். உயரம் சுமார் 3 மீட்டர். கோயிலிலிருந்து சுமார் 1 கிலோமீட்டர் தூரம். மொட்டைக்குப் பிறகு அங்கே இன்னொரு படம் எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

எப்போது எடுப்பது?

வெளியில் எடுக்கும் படத்துக்கு வெயில்தான் விளக்கு. காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்து இருக்கும். வெளிச்சம் மென்மையாக முகத்தில் படும். நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும். கண் குழிக்குள் நிழல் விழும்.

நடுப்பகலில்தான் எடுக்க முடியும் என்றால் என்ன செய்வது? எல்லோரும் ஒரே மர நிழலில் நிற்க வேண்டும். பாதிப் பேர் வெயிலிலும் பாதிப் பேர் நிழலிலும் நிற்கக் கூடாது.

மழைக்காலத்தையும் யோசிக்க வேண்டும். இந்தப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி வெள்ளக்காடானது. மலைப்பாதையும் சேதமடைந்தது. ஆகவே புறப்படுமுன் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ வானிலைச் செய்தியைக் கேளுங்கள்.

என்ன கொண்டுபோவது?

மருமகள் முதல் நாள் இரவே இவற்றைச் செய்து வைத்தார்.

1. செல்போனை முழுவதும் சார்ஜ் செய்தார்.
2. வேண்டாத படங்களை அழித்து, இடம் உண்டாக்கினார்.
3. கேமராக் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தார். விரல் பட்ட எண்ணெய் இருந்தால் படம் மங்கும்.
4. மழைக்குப் பாதுகாப்பாக ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டார்.
5. குடிதண்ணீர், குடை, பாட்டியின் மாத்திரை ஆகியவற்றைப் பையில் வைத்தார்.

வீட்டு வாசலில் ஒரு படம் எடுத்தும் பார்த்தார். பழகிய கைக்குத் தடுமாற்றம் இருக்காது.

எங்கே எடுக்கக் கூடாது?

திருமலைக் கோயிலுக்குள் செல்போனும் கேமராவும் கொண்டுபோகக் கூடாது. தரிசன வரிசைக்குப் போகுமுன் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். சந்திரகிரிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே முக்காலி வைத்துப் படம் எடுக்க முன்னதாக அனுமதி வாங்க வேண்டும்.

ஆபத்தான இடங்களும் உண்டு. அருவிப் பாறை வழுக்கும். ரயில் பாதையில் நிற்கக் கூடாது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். இருபுறமும் காடு. 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்தாள். படத்துக்காகப் பாதையை விட்டு விலகக் கூடாது. பிள்ளைகளைத் தனியே முன்னால் விடக் கூடாது.

முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுப்பதானால் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். நம்மைக் கேட்காமல் யாராவது எடுத்தால் நமக்குப் பிடிக்குமா?

அந்த நாள் வந்தது

விடியற்காலையில் பஸ் ஏறினார்கள். காலை வெயிலிலேயே சந்திரகிரிக்கு வந்துவிட்டார்கள். ஓரிடத்தில் ஒரு பலகை இருந்தது. எழுத்து தெலுங்கு. மருமகளுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். பள்ளியில் தெலுங்கு படிக்கும் பெரிய பேத்தி படித்துச் சொன்னாள். "அம்மா, உள்ளே போட்டோ எடுக்கக் கூடாதாம். வெளியே எடுக்கலாம்."

பாட்டியை நடுவில் உட்கார வைத்தார்கள். சின்னப் பேரன் அவர் மடியில். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். வெயில் பக்கவாட்டில் விழும்படி மருமகள் இடம் பார்த்தார். ராஜ மகாலைத் தூரத்தில் பின்னால் வைத்தார். ஆட்களைக் கிட்டே நிற்க வைத்தார். இப்போது கட்டடமும் விழுந்தது. முகங்களும் பெரிதாகத் தெரிந்தன.

திரையில் பாட்டியின் முகத்தை விரலால் தொட்டார். முகம் தெளிவாகியது. மூச்சை அடக்கிக்கொண்டு, கை ஆடாமல் மூன்று முறை எடுத்தார். ஒன்றில் யாராவது கண்ணை மூடினாலும் இன்னொன்று உதவும்.

பிறகு பேத்தியிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு மருமகளும் வந்து நின்றார். எடுப்பவரும் குடும்பத்தில் ஒருவர்தானே!

படத்தைக் காப்பது எப்படி?

செல்போன் உடையலாம். தொலைந்தும் போகலாம். அதனால் ஊர் திரும்பியதும் ஸ்டூடியோவில் இரண்டு பிரதிகள் போட்டார்கள். ஒன்று சுவருக்கு. இன்னொன்று பெட்டிக்கு. ஈரச் சுவரில் படத்தை மாட்டக் கூடாது. நேர் வெயிலும் ஆகாது.

மருமகள் பெட்டியில் வைக்கும் படத்தைப் பாட்டியிடம் கொடுத்தார். பென்சிலும் கொடுத்தார்.

"பின்னால எல்லார் பேரும் எழுதுங்க அத்தை. தேதியும் ஊரும் எழுதுங்க. அழுத்தாம எழுதுங்க. அழுத்தினா முன்பக்கம் தழும்பு விழும்."

பாட்டியும் அறிவொளி வகுப்புக்குப் போனவர்தான். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எல்லோர் பெயரும் எழுதினார். கடைசியில் தாத்தாவின் பெயரையும் எழுதினார்.

"அவர் இதுல இல்லையே பாட்டி" என்றாள் பேத்தி.

"அவரு குடும்பம்தானே இது? நாளைக்குப் பார்க்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் பாட்டி.

சொல்லுங்கள்

1. தலகோனாவில் எடுத்த படங்கள் ஏன் கெட்டுப்போயின?
2. நடுப்பகலில் படம் எடுக்க நேர்ந்தால் எங்கே நிற்க வேண்டும்?
3. சிலாதோரணம் எப்படி உண்டானது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பழைய படம் இருக்கிறதா? அதில் இருப்பவர்கள் யார் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பெயரைப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.