வெள்ளகவிக்கு நடந்தே போங்கள்

கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பலர் நடப்பது கோக்கர்ஸ் வாக்கில் மட்டும்தான். 1872-இல் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. டிக்கெட் வாங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். முழங்கால் திடமாக இருந்தால், ஒரு நாளை ஒதுக்கி அந்த மலைச்சரிவிலேயே இறங்கிப் பாருங்கள்.

வட்டக்கானலில் தொடங்குங்கள். டால்பின் நோஸ் பாறை வரை மேகி கடையும் செல்ஃபி கூட்டமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஆள் அரவம் குறைந்துவிடும். சோலைக்காட்டு மரங்களின் வேர்களே இங்கே படிக்கட்டு. மழை பெய்திருந்தால் அவை வழுக்கும். வேரில் கால் வைக்காமல், வேர்களுக்கு இடையிலுள்ள மண்ணில் வையுங்கள். ஓடைப் பக்கம் யாரோ பையன் சீட்டியடிப்பது போலக் கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. இறங்க இறங்கக் குளிர் விடும், ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள், பாசி படர்ந்த மரங்கள் போய்க் காப்பிச் செடிகள் வரும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற மலை இப்படித்தான் மாறுகிறது என்பது நடந்தால்தான் உடம்புக்குத் தெரிகிறது.

மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து இத்தகைய பாதைகளில்தான் ஆட்கள் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். 1845-இல் அங்கே வீடு கட்டிய அமெரிக்க மிஷனரிகளின் காலமும் அதுதான். துரைமார்களையும் அம்மணிகளையும் நாற்காலியில் வைத்துச் சுமந்த கூலியாட்களின் பெயர் எந்த நடைபாதைக்கும் வைக்கப்படவில்லை.

வெள்ளகவி பல தலைமுறைகளாகச் சாலை காணாத ஊர். அரிசி மூட்டையும் விளைச்சலும் குதிரை முதுகிலும் தலைச்சுமையாகவும் போய்வந்த வழி இது. நமக்கு ட்ரெக்கிங், அவர்களுக்கு ரேஷன் கடைக்குப் போகும் ரோடு. சுமையோடு குதிரை வந்தால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காதீர்கள். மேட்டுப் பக்கம் ஒட்டி நில்லுங்கள். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

சில நடைமுறை விஷயங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவது குற்றம் மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட. கோடையில் தீ அபாயம் இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். காட்டெருமை குறுக்கே நின்றால் விரட்டுவதா, காத்திருப்பதா என்பது அவருக்குத் தெரியும். சொந்த வாகனத்தில் வந்தால் இ-பாஸ் வேண்டும். கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்புப் பொட்டலம், எப்போதும் ஒரு கைத்தடி.

வெள்ளகவியிலிருந்து மேலும் இறங்கினால் கும்பக்கரை அருவி. அங்கிருந்து பெரியகுளம் பக்கம்தான். வட்டக்கானலுக்கே திரும்புவதானால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரில் உட்கார்ந்துவிடாதீர்கள். இறங்கியதைவிட ஏறுவதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், காட்டுக்குள் சீக்கிரமே இருட்டிவிடும்.