நந்தினிக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி

டீச்சர், சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். என் மகள் படிவம் 5. இந்த வருடம் எஸ்.பி.எம். எழுதப் போகிறாள். படம் பார்த்ததிலிருந்து அவளுக்குப் பொன்னியின் செல்வன் பைத்தியம். ஐந்து பாகத்தையும் படித்து முடித்துவிட்டாள். இப்போது கைப்பேசியில் அவளே ஒரு தொடர்கதை எழுதுகிறாள். கேட்டால் 'ஃபேன் ஃபிக்‌ஷன்' என்கிறாள். நந்தினி சோழ நாட்டை விட்டுக் கப்பலேறிக் கடாரத்துக்கு வந்து, நம் மெர்போக் ஆற்றோரம் ஒரு குடிசையில் இருக்கிறாளாம். பதினோரு அத்தியாயம் ஆகிவிட்டது.

அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் படித்தேன். கதையில் ஒன்றுமே நடக்கவில்லை, டீச்சர். நந்தினி தூங்குவதில்லை. பக்கத்து வீட்டில் யாராவது மீன் வெட்டினால் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விடுகிறாள். அவ்வளவுதான். படிக்கிற பிள்ளைகள் எல்லாம் 'அவளுக்கு ஒரு நல்லவனைக் கட்டிவை, பாவம்' என்று எழுதுகிறார்கள். இவள் காதில் வாங்குவதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு 86 வயது. அவருடைய அப்பாவைச் சப்பான்காரன் காலத்தில் பெடோங் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. மாமியார் இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் ஒரு துணி மூட்டை வைத்திருக்கிறார். யாரும் தொடக் கூடாது. எட்டாவது அத்தியாயத்தில் அந்த மூட்டை அப்படியே நந்தினியின் தலைமாட்டில் இருக்கிறது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிள்ளைக்கு மனதில் ஏதும் கோளாறா? வீட்டு விஷயத்தை இப்படி எழுதலாமா? நிறுத்தச் சொல்லட்டுமா?

— ஒரு தாய், சுங்கை பட்டாணி

பதில்

அன்புத் தங்கச்சிக்கு,

நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒளித்துப் படித்ததை மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்றைக்கே. திட்டுவாள், ஒரு நாள் பேசாமல் இருப்பாள், பிறகு சரியாகிவிடும். அவளாகக் கண்டுபிடித்தால் மட்டும் பன்னிரண்டாவது அத்தியாயம் உங்கள் கண்ணில் படாது.

கோளாறா என்று கேட்கிறீர்கள். பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருந்த காலத்தில், கட்டுரை நோட்டில் சாவும் இருட்டுமாக எழுதுகிற பிள்ளைகளைப் பற்றி மற்ற ஆசிரியர்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். அப்படி எழுதிய பிள்ளைகளைவிட, எழுதிக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்திய பிள்ளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். நந்தினி தூங்கவில்லை என்பது கதை. உங்கள் மகள் தூங்குகிறாளா? சாப்பிடுகிறாளா? சிநேகிதிகளோடு பேசுகிறாளா? உடம்பைக் கீறிக்கொள்வது, 'நான் இல்லாவிட்டால் என்ன' என்று தன்னைப் பற்றியே பேசுவது, இதெல்லாம் உண்டா? இருந்தால் பள்ளி ஆலோசகரிடம் போங்கள், அல்லது தாலியான் காசே 15999-க்கு அழையுங்கள். எப்போதும் எடுப்பார்கள். இவை ஒன்றும் இல்லையென்றால் எழுதுகிற பிள்ளையை எழுத விடுங்கள்.

1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம், தங்களை உலுக்கிய விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. ஆகவே எழுதிவிட்டு மகள் முகம் வாடி உட்கார்ந்திருந்தால் பதறாதீர்கள். மைலோ கலக்கிக் கொடுங்கள்.

சொந்தக் கதையை எழுதாமல் ஏன் இன்னொருவருடைய பாத்திரத்தை எடுக்கிறாள்? இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செத்தவர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். பத்தாவது நிமிடத்தில் எப்போதோ போன தன் பிள்ளைக்கும், தாலியறுத்த தன் அக்காவுக்கும் சேர்த்து அழுதுகொண்டிருப்பார்கள். தன் வீட்டில் அழ முடியாததை ஊரார் வீட்டில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். ரசிகர் கதை இந்த வேலையைத்தான் செய்கிறது. இந்த எழுத்தில் 'காயமும் ஆறுதலும்' என்று ஒரு வகையே உண்டு. மூலக் கதையில் அடிபட்ட பாத்திரத்தை எடுத்து, அந்த அடிக்குப் பிறகு என்ன ஆனது என்று எழுதுவார்கள். மூல ஆசிரியருக்கு அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. அவருக்கு அடுத்த போர் காத்திருக்கிறது.

கல்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். நந்தினி காலில் விழுந்து கெஞ்சியும் கேளாமல், ஒரு குடிசையில் அவள் கண்ணெதிரே பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைச் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் வெட்டினான். மீன் பொறித்த வாளை அவள் பேணிப் பாதுகாப்பதும், வெட்டிய கரிகாலனே அவள் முகம் விடாமல் துரத்துவதாகப் புலம்புவதும் நாவலில் உண்டு. வெட்டுப்பட்டவன் போய்விட்டான். வெட்டியவனும் பார்த்தவளும் அந்தக் குடிசையை விட்டு வெளியே வரவே இல்லை. காயத்தை இவ்வளவு ஆழமாகப் போட்டுவிட்டு, கடைசியில் கல்கி நந்தினியை இருட்டுக்குள் அனுப்பிவிட்டுக் கதையை முடித்தார். 1954-இல் தொடர் முடிந்தபோது அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. எழுபது வருடம் கழித்து உங்கள் மகளும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறாள். பதிலை வேறு யாரிடமும் எதிர்பார்க்காமல் தானே எழுதுகிறாள்.

'இது இங்கிலீஷ்காரர்கள் பழக்கம்' என்று யாராவது சொன்னால் புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தைக் காட்டுங்கள். 1943-இல் எழுதியது. இராமாயணம் அகலிகையைக் கல்லிலிருந்து எழுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடும். புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குகிறார். சாபம் போய்விட்டது, கணவனும் ஏற்றுக்கொண்டான். ஆனால் அவளால் சாதாரணமாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் அதற்குள் வேறு அர்த்தம் இருக்குமோ என்று உள்ளுக்குள் நடுங்குகிறாள். பிறகு தான் தீக்குளித்ததைச் சீதையே வந்து சொல்கிறாள். கட்டிய கணவனே பக்கத்தில் வரும்போது இந்திரனாகத் தெரிகிறான். அவள் மறுபடி கல்லாகிறாள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்) என்ற பெயர் ஏறியதே 1980-இல்தான். இன்னொரு வேடிக்கை: இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்கிற பாணியில் கதையின் தலையிலேயே ஒரு குறிப்பும் போட்டிருப்பார். இன்றைய ரசிகர் கதைகள் பலவற்றில் முதல் வரி அப்படித்தான் இருக்கிறது. உங்கள் மகளும் ஒரு குறிப்புப் போடட்டும், ஆனால் அந்த மிடுக்கோடு வேண்டாம். 'கொலை, துர்க்கனவு பற்றி வரும்' என்று முன்கூட்டியே சொல்வது படிக்கிறவர்களுக்குச் செய்கிற மரியாதை. இந்த எழுத்துக்காரர்களே நடத்துகிற பெரிய காப்பகமான ஏ.ஓ.3, 2019-இல் ஹியூகோ விருது வாங்கியது. அங்கே பதிவேற்றும்போதே வன்முறை, பாத்திரத்தின் சாவு, பலாத்காரம் போன்றவை உண்டா என்று குறிக்கச் சொல்வார்கள். குறிக்க விருப்பமில்லை என்றால் அதையாவது சொல்ல வேண்டும்.

இப்போது அந்த 'நல்லவனைக் கட்டிவை' விவகாரம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான கதைகள் கெட்டுப்போகின்றன. மூன்றாம் அத்தியாயத்தில் கெட்ட கனவு, நான்கில் அவன் அணைப்பு, ஐந்தில் கல்யாணம். காயம் என்னவோ காய்ச்சல் மாதிரியும், காதலன் பனடோல் மாதிரியும்! ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர், மனக்காயம் ஆறுவதைப் பற்றி 1992-இல் எழுதிய நூலில் முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அதற்குப் பிறகே மனிதர்களோடு மறுபடி சேர்வது என்று வரிசை சொல்கிறார். அந்த வரிசையிலும் மேலும் கீழுமாகப் போய் வர வேண்டியிருக்கும். நேர் எதிராக இன்னொரு கேடும் உண்டு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்த வெட்டையே திரும்பத் திரும்பக் காட்டிப் படிக்கிறவர்களை அழவைப்பது. உங்கள் மகள் இரண்டும் செய்யவில்லை. 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று நீங்கள் குறையாகச் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன். மீன் வெட்டுகிற சத்தத்துக்கு எழுந்து ஆற்றுப் பக்கம் போகிறாள் என்று எழுத, பதினேழு வயதில் நல்ல காது வேண்டும். மீன் கொடி பாண்டியனுடையது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் காது உங்கள் வீட்டில் வளர்ந்தது. அதனால் சயாமுக்கு வருகிறேன்.

தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்தன. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில். இறந்தவர்கள் 90,000 என்று பலர் சொல்கிறார்கள், ஆளுக்கொரு கணக்கும் இருக்கிறது. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக, ஏறக்குறைய 7,000. நம் தோட்டத்து ஆள்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. தோட்டத்தில் இருந்த மனைவிக்குச் சாவுச் செய்தியும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

பெடோங் பக்கத்து லயத்தில் என் பெரியம்மா ஒருவர் இருந்தார். சண்டை ஓய்ந்த பிறகு, போனவர்கள் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளெல்லாம் சுங்கை பட்டாணி ரயில் நிலையத்துக்கு நடந்தே போவாராம். 1986-இல் சாகும் வரை தாலியைக் கழற்றவில்லை. யாராவது வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் 'வெளியூர் போயிருக்காரு' என்பார். பொட்டு வைப்பதா, அழிப்பதா? திவசம் கொடுப்பதா, கூடாதா? கொடுத்தால் எந்தத் திதியில்? உடம்பும் இல்லாமல் செய்தியும் இல்லாமல் போகிற இந்த இழப்புக்குப் பாலின் பாஸ் என்ற அறிஞர் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். பெரியம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. இதில் ஒரு கொடுமை பாருங்கள்: தண்டவாளம் சேர்ந்த அதே அக்டோபரில் ஜப்பான்காரன் கெடாவையே தாய்லாந்திடம் ஒப்படைத்துவிட்டான். சயாமுக்குப் போன புருஷனுக்காக வாசலில் காத்திருந்தவள் நின்ற மண்ணும் சயாமாகிவிட்டது. 1945 வரை அப்படித்தான்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். அவை நம்மை அந்த ரயில் பாதைக்கே கூட்டிப்போகிற நாவல்கள். லயத்தில் காத்திருந்தவர்களைப் பற்றி இன்னும் நிறைய எழுத இடம் இருக்கிறது. நந்தினி என்ற முகமூடியைப் போட்டுக்கொண்டு உங்கள் மகள் எழுதுவது அதைத்தான் என்று நினைக்கிறேன். அவளுக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

மூட்டையை எழுதலாமா என்று கேட்டீர்கள். கேட்காமல் எழுதியது தவறு. நந்தினி பெயரில் எழுதினாலும் தவறுதான். ஆனால் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நான் படிவம் 3 படித்தபோது பள்ளிக் கட்டுரைக்காகப் பெரியம்மாவிடம் போய், 'பெரியப்பாவைப் பிடிச்சிட்டுப் போனப்ப என்ன நடந்துச்சு, சொல்லுங்க' என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்து போனவர், ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எனக்கு அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே மகள் பாட்டியிடம் 'என்ன நடந்தது' என்று கேட்க வேண்டாம். அந்த அத்தியாயத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். பசியாறிய பிறகு, பகல் வெளிச்சத்தில், நீங்களும் பக்கத்தில் இருங்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் மூட்டையை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம். சும்மா இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு நாள் கேளுங்கள். பேச ஆரம்பித்தால் கைப்பேசியில் பதிவு போடாமல் கேளுங்கள்.

கதைக்கு ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளட்டும். கரிகாலன் கொலையுண்டு ஏறக்குறைய 55 வருடம் கழித்து, 1025-இல், ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்தன. அப்போது நந்தினி உயிரோடிருந்தால் எண்பதை நெருங்கியிருப்பாள். எந்தக் குலத்தை விட்டு ஓடி வந்தாளோ அந்தக் குலத்துப் பாய்மரங்கள் மெர்போக் முகத்துவாரத்தில் தெரிகின்றன. ஊர்க்காரர்கள் ஓடுகிறார்கள். கிழவி ஓடுவாளா, உட்கார்ந்திருப்பாளா? எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு சனிக்கிழமை பழங்கோயிலான புக்கிட் பத்து பகாட் சண்டிக்கு அழைத்துப் போங்கள். அருங்காட்சியகம் அங்கேயே இருக்கிறது, அருவியும் உண்டு. பாட்டிக்கு முட்டி வலி இல்லையென்றால் அவரையும் காடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மூட்டையையும் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் மடியில் வைத்துக்கொள்ள விடுங்கள்.

எஸ்.பி.எம். முடியும் வரை வாரம் ஓர் அத்தியாயம் போதும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.