மொந்தெரோஸ்ஸோ: ரயிலிலிருந்து நேராகக் கடலுக்கு

இத்தாலியின் லிகூரியக் கரையில், சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து ஊர்களில் அகலமான கடற்கரை உள்ளது மொந்தெரோஸ்ஸோவுக்குத்தான். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் கடல். காரை எடுத்துப் போகாதீர்கள்; வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலை, போய்ச் சேர்ந்தாலும் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. 1874-இல் திறந்த ரயில் பாதையே இன்றும் சுலபமான வழி.

முதலில் லா ஸ்பெஸியா சென்ட்ராலே நிலையத்துக்கு வாருங்கள். பீசா பக்கமிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வண்டி மாற வேண்டும். மிலானிலிருந்து வருபவர்களுக்கு மொந்தெரோஸ்ஸோவிலேயே நிற்கும் இன்டர்சிட்டி வண்டிகள் சில உண்டு.

அடுத்தது டிக்கெட். ஒரே நாளில் பல ஊர்களைப் பார்ப்பதானால் ரயில் பயணமும் சேர்ந்த சிங்க்வே தெர்ரே கார்டு லாபம். லா ஸ்பெஸியாவுக்கும் லெவான்தோவுக்கும் இடையே வட்டார ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். இன்டர்சிட்டியில் அது செல்லாது. ஓர் ஊர் மட்டும் என்றால் தனி டிக்கெட் போதும்.

பலரும் கோட்டை விடுவது இதற்கடுத்த படியில்தான். காகித டிக்கெட்டையோ கார்டையோ ஏறுமுன் நிலையத்தில் இருக்கும் சிறு எந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். போனில் வாங்கிய வட்டார டிக்கெட் என்றால் ‘செக்-இன்’ செய்ய வேண்டும். காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்று பரிசோதகரிடம் வாதாடிப் பயனில்லை. முத்திரை இல்லையென்றால் அபராதம்தான்.

நடைமேடைக்கு ‘பினாரியோ’ என்று பெயர். சுவரில் ஒட்டிய கால அட்டவணையில் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. லெவான்தோ போகும் வண்டியில் ஏறுங்கள். ரியோமஜோரே, மனரோலா, கோர்னீலியா, வெர்னாட்ஸா, அப்புறம் மொந்தெரோஸ்ஸோ. வழி பெரும்பாலும் சுரங்கம், ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். கதவு தானாகத் திறக்காவிட்டால் பொத்தானை அழுத்துங்கள். மொந்தெரோஸ்ஸோவைத் தவறவிட்டால் அடுத்த நிறுத்தம் லெவான்தோ. அங்கிருந்து எதிர் வண்டி பிடித்துத் திரும்பிவிடலாம்.

இறங்கிப் படியிறங்கி வெளியே வந்தால் எதிரே ஃபெஜீனா கடற்கரை. குடையும் சாய்வு நாற்காலியும் வரிசையாக இருக்கும் இடங்கள் கட்டணப் பகுதி. அவற்றுக்கு நடுவே இலவசப் பகுதியும் உண்டு, காலையிலேயே நிரம்பிவிடும். கடலைப் பார்த்து நின்று இடப்பக்கம் நடந்தால், ஒரு குகைப் பாதை வழியாகப் பழைய ஊர். வலப்பக்கம் கடற்கரை முடியும் இடத்தில் 1910-இல் செய்த, பாறையோடு ஒட்டிய பெரிய நெப்டியூன் சிலை. போரிலும் புயலிலும் அடிபட்டு நிற்கிறது.

திரும்பும்போது லா ஸ்பெஸியா என்று அறிவிப்புப் பலகையில் பார்த்து ஏறுங்கள். கோடை மாலைகளில் கூட்டம் நெருக்கும், இருட்டும்வரை காத்திருக்காதீர்கள். ரயில் வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய வட்டார ரயில்கள் ஓடும். அன்றைய பயணத்தை அந்த நேரங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.