எது எங்கிருந்து வந்தது: லைப்ரரிக்கு இத்தனை வகை ஏன்?

கேள்வி: சிமேக் என்ற பில்ட் கருவியில் லைப்ரரியை அறிவிக்கும்போது ஸ்டாட்டிக், ஷேர்ட், மாட்யூல், ஆப்ஜெக்ட், இன்டர்ஃபேஸ் என்று ஏதாவது ஒரு வகையை எழுதச் சொல்லித் தருகிறார்கள். சீனியர்கள் எழுதியதைப் பார்த்து நானும் ஸ்டாட்டிக் என்றே போட்டுவிடுகிறேன். இத்தனை வகையையும் யார் உண்டாக்கினார்கள்? எதற்கு?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: யாரோ ஒருவர் உட்கார்ந்து வகுத்த பட்டியல் இல்லை இது. எழுபது ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நெருக்கடிகளில் பிறந்தவை இந்த வகைகள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: உங்கள் நிரலையும் வேறொருவர் எழுதிவைத்த நிரலையும் எந்தக் கட்டத்தில் ஒட்டவைப்பது?

மூத்தது ஸ்டாட்டிக். அது பிறந்த இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அங்கே மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டிய எட்சாக் கணிப்பொறி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. நிரலைக் காகித நாடாவில் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வர்க்கமூலம் காண்பது, விடையை அச்சிடுவது போன்ற வேலைகளுக்கு ஆளாளுக்குப் புதிதாக எழுதினால் ஆளாளுக்குத் தப்பும் வரும். அதனால், சரிபார்த்த துணைநிரல்களின் நாடாக்களை எஃகு அலமாரியில் அடுக்கிவைத்தார்கள். வேண்டியவர் நாடாவை எடுத்து வருவார்; நகலெடுக்கும் கருவியில் மாட்டி, அதன் துளைகளைத் தன் நிரலின் நாடாவிலேயே பதித்துக்கொள்வார்; மூல நாடாவை மறுபடி அலமாரியில் வைத்துவிடுவார்.

இதில் ஒரு சிக்கல். துணைநிரல் நினைவகத்தின் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று அதை எழுதியவருக்குத் தெரியாது. ஆனால் அதற்குள் இருக்கும் கட்டளைகள் நினைவக முகவரிகளைச் சுட்ட வேண்டும். ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர், நாடாவைப் படிக்கும்போதே முகவரிகளைத் திருத்திக்கொள்ளும் ஏற்றுநிரலை எழுதினார். மொத்தம் 41 கட்டளைகள். இன்று நிரல் துண்டுகளை ஒட்டவைக்கும் லிங்கர் செய்யும் வேலையின் முக்கியமான பகுதி அந்த 41 கட்டளைகளுக்குள் அடங்கியிருந்தது; எனக்கு இன்றும் வியப்பூட்டும் சாதனை இது. வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் இந்த முறையை விளக்கி 1951-இல் புத்தகமே எழுதினார்கள். 1967-இல் வில்க்ஸுக்கு டூரிங் விருது கொடுத்தபோது அந்தப் புத்தகத்தையும் குறிப்பிட்டார்கள்.

நீங்கள் ஸ்டாட்டிக் என்று எழுதும்போது நடப்பதும் அதேதான். கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை யூனிக்ஸின் ‘ஏஆர்’ கட்டளை ஒரே பொதியாகக் கட்டிவைக்கிறது. லிங்கர் அந்தப் பொதியைத் திறந்து, உங்கள் நிரல் கூப்பிடும் ஃபங்ஷன்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றனவோ அவற்றை மட்டும் நகலெடுத்துக்கொள்கிறது. மீதியைத் தொடுவதில்லை. நகல் உங்கள் நிரலுக்குள் வந்தபின் அந்த லைப்ரரியோடு உறவு முடிந்தது.

ஷேர்டின் கதை வேறு. ஓடும்போது ஒட்டவைக்கும் எண்ணம் 1960-களில் எம்ஐடியும் பெல் லேப்ஸும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸிலேயே இருந்தது. யூனிக்ஸ் அதைத் தேடிப் போனது ஜன்னல்களும் மவுஸும் வந்த பிறகு. 1980-களின் நடுவில் சன் நிறுவனத்தின் 3/50 கணினிக்கு நினைவகம் 4 எம்பி. திரையில் கடிகாரம், டெர்மினல், எடிட்டர் என்று நாலைந்து ஜன்னல் திறந்தால், வரைகலை லைப்ரரியின் நகல் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக இருக்கும். அந்த நகல்களே நினைவகத்தைத் தின்றுவிடும்.

அப்போது யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீட்டில் வந்த தீர்வு அரைகுறையானது. ஒவ்வொரு லைப்ரரிக்கும் நினைவகத்தில் நிரந்தர முகவரியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். பின்னால் வந்த லினக்ஸும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. இரண்டு லைப்ரரிகள் ஒரே இடத்துக்கு மோதாதபடி முகவரிப் பட்டியல் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. 1988-இல் வந்த சன் ஓஎஸ் 4.0 இந்தத் தொல்லையை ஒழித்தது. எந்த முகவரியில் வைத்தாலும் ஓடும் விதத்தில் கோட் உருவாக்கினார்கள். பிணைக்கும் வேலையை நிரல் தொடங்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். லினக்ஸில் ஷேர்ட் லைப்ரரி கட்டும்போது ‘எஃப்-பிக் போட்டு மறுபடி கம்பைல் செய்’ என்று லிங்கர் திட்டுகிறதே, அது கேட்பது இதே குணத்தைத்தான்: முகவரி சாராத கோட்.

மாட்யூல் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நடுவில் கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளும் செருகுநிரல். லிங்க் செய்யும் நேரத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். லினக்ஸில் இதற்கும் ஷேர்டுக்கும் கோப்பளவில் வித்தியாசம் இல்லை. மேக்கில் உண்டு, அங்கே இரண்டும் வெவ்வேறு வகைக் கோப்புகள், மாட்யூல் கோப்போடு லிங்க் செய்ய முடியாது. பல இயங்குதளங்களுக்கும் ஒரே குறிப்பிலிருந்து பில்ட் செய்ய விரும்பும் கருவி இரண்டையும் பிரித்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சிமேக் பிறந்ததே அந்த விருப்பத்தில்தான். மருத்துவப் படங்களை ஆராயும் ஐடிகே என்ற மென்பொருளுக்கு அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் பணம் கொடுத்தது. அது விண்டோஸிலும் யூனிக்ஸிலும் பில்ட் ஆக வேண்டும் என்பதற்காக, கிட்வேர் நிறுவனத்தில் பில் ஹாஃப்மன் முதலானோர் 2000-ஐ ஒட்டி சிமேக்கை உருவாக்கினார்கள்.

ஆப்ஜெக்டும் இன்டர்ஃபேஸும் கடைக்குட்டிகள். ஆப்ஜெக்ட் வந்தது 2012-இல், 2.8.8 பதிப்பில். ஸ்டாட்டிக் பொதியிலிருந்து, கூப்பிடப்பட்டதை மட்டுமே லிங்கர் எடுக்கும் என்றேன் அல்லவா? தானே தன்னைப் பதிவு செய்துகொள்ளும் கோட் இருந்தால், அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிங்கர் அதை விட்டுவிடும், நிரல் ஓடும், அந்த வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். ஆப்ஜெக்ட் வகையில் பொதியே கிடையாது. கோப்புகள் நேராக லிங்கரின் கைக்குப் போகின்றன, எதுவும் விடுபடாது. இன்டர்ஃபேஸ் 2014-இல், 3.0 பதிப்பில் வந்தது. ஐகன் போல ஹெடர் கோப்புகளாக மட்டுமே இருக்கும் லைப்ரரிகளில் கம்பைல் செய்ய ஒன்றுமில்லை. பயன்படுத்துபவருக்கு ‘இந்த ஃபோல்டரில் தேடு, இந்த ஃபிளாகைப் போடு’ என்ற தகவல் போனால் போதும்.

கேள்வி: ஸ்டாட்டிக் போட்டால் ஒரே கோப்பாக முடிகிறது; எந்தக் கணினிக்கும் எடுத்துப் போகலாம். நினைவகமும் இப்போது மலிவு. பிறகு ஷேர்ட் எதற்கு?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: நினைவகம் பற்றிச் சொன்னது சரி. கோ மொழியும் இயல்பாகவே ஸ்டாட்டிக் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் 2002 மார்ச்சில் நடந்ததை மறக்கக் கூடாது. தகவலைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரியில், ஒரே நினைவகப் பகுதியை இருமுறை விடுவிக்கும் பிழை தெரியவந்தது. ஷேர்டாகப் பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரே கோப்பை மாற்றினால் போதும். உள்ளே நகலெடுத்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருந்தது. லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே நகல் இருந்தது.

வகையைத் தேர்ந்தெடுப்பது என்றால், நாளை பிழை வந்தால் யார் திருத்துவார்கள் என்று இன்றே முடிவு செய்வது. அந்த முடிவு லைப்ரரியை எழுதியவர் கையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டெபியன் லினக்ஸில் பேக்கேஜ் கட்டுபவருக்கு ஷேர்ட் வேண்டும். கைக்கருவிக்குள் பதிப்பவருக்கு ஸ்டாட்டிக் வேண்டும். சிமேக்கில் வகையை எழுதாமல் விட்டால், பில்ட் செய்பவர் ‘பில்ட் ஷேர்ட் லிப்ஸ்’ என்ற ஒற்றை மாறி மூலம் தானே தீர்மானித்துக்கொள்வார். முதல் கேள்வி கேட்ட மாணவிக்கும் இதையே சொல்வேன்: காரணம் இல்லாமல் ஸ்டாட்டிக் என்று எழுதாதீர்கள், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

கேள்வி: லினக்ஸில் நன்றாக பில்ட் ஆன ஷேர்ட் லைப்ரரி, விண்டோஸில் ‘லிப் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்கிறது. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: விண்டோஸில் ஷேர்ட் லைப்ரரி இரண்டு கோப்புகளாக வரும்: ஓடும்போது வேண்டிய டிஎல்எல், லிங்க் செய்யும்போது வேண்டிய சிறிய லிப். விஷுவல் சி++ கம்பைலரில் எந்த ஃபங்ஷன் வெளியே தெரிய வேண்டும் என்று நீங்களே குறிக்க வேண்டும். ஒன்றைக்கூடக் குறிக்காவிட்டால் லிப் கோப்பே உருவாகாது. லினக்ஸில் தனியாக மறைக்காத வரை எல்லாமே வெளியே தெரியும், அதனால்தான் அங்கே இந்தத் தடங்கல் வரவில்லை. சிமேக் 3.4 முதல் ‘விண்டோஸ் எக்ஸ்போர்ட் ஆல் சிம்பல்ஸ்’ என்ற பண்பை இயக்கினால் ஃபங்ஷன்களை அதுவே வெளியிட்டுவிடும். குளோபல் மாறிகள் இருந்தால் மட்டும் அவற்றை நீங்கள்தான் குறிக்க வேண்டும்.