இருபதில் உச்சம், அப்புறம் சரிவா?

வளர்ச்சி உளவியலை முதலாண்டில் எடுக்கும் மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது அட்டவணைகளைத்தான். பியாஜேயின் நான்கு கட்டங்கள், எரிக்சனின் எட்டு. எந்த வயதில் என்ன என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். அந்த வயதுகளை யாரிடம், எப்படிச் சோதித்துக் கண்டார்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆய்வுமுறை அத்தியாயத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கீழே வரும் நம்பிக்கைகள் பெரும்பாலும் அப்படித் தாண்டியதில் பிறந்தவை.

நம்பிக்கை: அறிவுக்கூர்மை இருபதுகளில் உச்சம், பிறகு இறங்குமுகம்.

உண்மை: இருபத்தைந்து வயதுக்காரரையும் அறுபத்தைந்து வயதுக்காரரையும் ஒரே நாளில் உட்காரவைத்து ஒரே தேர்வு கொடுத்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் மூத்தவர் பள்ளியைப் பாதியில் விட்டவராக இருக்கலாம், இளையவர் பட்டதாரி. அளந்தது வயதையா, படிக்கக் கிடைத்த வாய்ப்பையா? உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 500 பேரைச் சோதித்தார். அந்தச் சுற்று சரிவையே காட்டியது. 1963இல் அதே ஆட்களில் கிடைத்தவர்களைத் திரும்ப அழைத்தார். பிறகு ஏழாண்டுக்கு ஒருமுறை, பல பத்தாண்டுகள். அதே மனிதரைத் தொடர்ந்து பார்த்தபோது படம் மாறியது. சொல்வளமும் தர்க்கமும் நடுவயதுவரை ஏறின, அல்லது நிலைத்து நின்றன. பெரும்பாலோருக்கு அறுபதை எட்டும்வரை சொல்லும்படியான சரிவு இல்லை. வேகம் மட்டும் விதிவிலக்கு. அது முன்னதாகவே குறையத் தொடங்கிவிடுகிறது.

இதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. திரும்பி வருபவர்கள் பொதுவாக உடல்நலம் உள்ளவர்கள். நோயில் விழுந்தவர்களும் இறந்தவர்களும் கணக்கில் வருவதில்லை. பழகிய தேர்வை மறுபடி எழுதுவதும் எளிது. அதனால் ஷாய் ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஆட்களையும் சேர்த்து ஒப்பிட்டார். என்னைக் கேட்டால், இந்த ஓர் ஆய்வின் அமைப்பு பிடிபட்ட மாணவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

நம்பிக்கை: ஐந்து வயதுக்குள் மூளை வளர்ந்து முடிந்துவிடும்.

உண்மை: மழலையர் பள்ளி விளம்பரங்களுக்குப் பிடித்த வரி. ஐந்தாறு வயதில் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டுவது சரிதான். அளவு வேறு, வேலை வேறு. உள் இணைப்புகள் சீராவது இருபதுகள்வரை நீள்கிறது. ஐந்தைத் தாண்டியும் மூளை கற்கும் என்பதற்கு ஒரு சான்று: எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பார்வையில்லாமல் வளர்ந்த இந்தியச் சிறுவர்களுக்குக் கண்புரை போன்றவற்றை நீக்கிப் பார்வை தந்தது. 2011இல் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு வயது 8 முதல் 17. சிகிச்சை முடிந்த உடனே, கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் இனங்காண அவர்களால் முடியவில்லை. மறுபடி சோதித்தபோது, சிலருக்குச் சில நாட்களிலேயே, அது கைவந்தது. பார்வைக் கூர்மை மட்டும் முழுமையாக வரவில்லை. ஆகவே காலம் தவறினால் இழப்பு உண்டா என்பதைத் திறன்வாரியாகக் கேட்க வேண்டும். கைக்குழந்தையின் கண்ணைத் தாமதிக்காமல் காட்டுங்கள். மூன்று வயதில் பிள்ளைக்கு அபாகஸ் வராவிட்டால் குடி முழுகாது.

நம்பிக்கை: துக்கம் ஐந்து கட்டங்களில் தீரும்.

உண்மை: மறுப்பில் தொடங்கும் இந்த ஐந்து கட்டங்களை எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு அதைப் பின்னால் நீட்டிவிட்டார்கள். எல்லோரும் அதே வரிசையில்தான் கடப்பார்கள் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அழாதவரைப் பார்த்து ‘இன்னும் மறுப்புக் கட்டத்தில் இருக்கிறார்’ என்று தீர்ப்பு எழுதுவது அரைகுறைப் படிப்பு.

நம்பிக்கை: நாற்பதில் நெருக்கடி வந்தே தீரும்.

உண்மை: ‘நடுவயது நெருக்கடி’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது எலியட் ஜாக்ஸ் 1965இல் எழுதிய கட்டுரை. அவர் ஆராய்ந்தது ஓவியர், இசையமைப்பாளர், எழுத்தாளர் என 310 மேதைகளின் வாழ்க்கையை. தபால்காரரும் மளிகைக்கடைக்காரரும் அதில் இல்லை. பின்னாளில் அமெரிக்காவில் சாதாரண மக்களையே கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் தனக்கு அப்படி வந்ததாகச் சொன்னார். அவர்களிலும் பலர் விவரித்தது வேலை போனது, மணம் முறிந்தது போன்ற அடிகளைத்தான்.