சிங்கப்பூருக்கு வாசிக்கப் போகும் தம்பிக்கு



சிங்கப்பூர்க் கோயில் ஒன்றில் திருவிழா முடியும்வரை தங்கி நாயனம் வாசிக்க உனக்கு அழைப்பு வந்திருப்பதாக உன் அப்பா சொன்னார். மனசு நிறைந்துவிட்டது. காருகுறிச்சி, சேரன்மகாதேவி, வீரவநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கல்யாண முகூர்த்தத்தையும் கோயில் கொடையையும் நம்பி நாளை ஓட்டுகிற காலத்தில், இந்த வயசில் உனக்கு இது கிடைத்திருக்கிறது. "அங்கே என்னவெல்லாம் பார்க்கணும் பெரியப்பா?" என்று கேட்டாயாம். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன். உன்னைப் போல வெளிநாட்டுக்குக் கிளம்புகிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

மெரினா பே, செந்தோசா, முஸ்தபா கடை எல்லாம் கூடத் தங்கியிருப்பவர்களே கூட்டிப்போய்க் காட்டிவிடுவார்கள். அதற்கு ஒரு நாள் போதும். நாயனக்காரன் ஒரு ஊரைக் காதால் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அறையிலிருந்து கோயில், கோயிலிலிருந்து அறை என்று இருந்துவிட்டுத் திரும்பி வந்த நல்ல வாசிப்புக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் அந்த ஊர் எப்படி என்று கேட்டால் சாப்பாட்டைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் சொல்வார்கள். அந்த வரிசையில் நீ சேரக் கூடாது.

முதலில் கருவி. உலவையும் அணைசையும் நல்ல பெட்டியில் போட்டுச் சரக்கில் விட்டாலும், சீவாளியையும் கெண்டையையும் கைப்பையில் வை. ஊசியை மட்டும் பெரிய பெட்டியில் போடு. கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துக்கொண்டுவிடலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. சித்திரை வெயில், மார்கழிப் பனி என்று நமக்குப் பழகிய மாற்றம் அங்கே கிடையாது. வருஷம் முழுக்கப் புழுக்கம், நினைத்த நேரத்தில் மழை. அந்த ஈரக்காற்றில் சீவாளி இளகிக் கிடக்கும். அதே சீவாளி இரவெல்லாம் அறையின் ஏசியில் கிடந்தால் காய்ந்து வாய் இறுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே அதைக் காப்பாற்றுவதுதான் அங்கே தினசரி வேலை. திருவாவடுதுறைச் சீவாளியில் கொஞ்சம் கனத்தவை, கொஞ்சம் மெலிந்தவை என்று இரண்டு விதமும் எடுத்துக்கொள். விடியக்காலை வாசிப்புக்கு அரை மணி முன்னாலேயே கோயிலுக்குப் போய் டப்பாவைத் திறந்து வை. அந்த இடத்துக் காற்று சீவாளிக்குப் பழகட்டும். தவில் வாசிக்க வருகிற தம்பியிடமும் சொல்: விமானத்தில் ஏற்றுமுன் தோலைத் தளர்த்திவிட வேண்டும். அங்கே போனபின் வலந்தலை தொய்யும், நட்டைத் திருகித் திருகித்தான் சுருதிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

இனி ஊர். அங்கே ஓசைக்கு அளவு உண்டு என்பதை முதல் நாளே மனசில் போட்டுக்கொள். நெல்லையப்பர் ஆனித் தேருக்கு நாலு ரத வீதியிலும் நீ எவ்வளவு உரக்க வாசித்தாலும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் மதிலுக்குள் வாசிப்பது வேறு, தெருவில் இறங்கி வாசிப்பது வேறு. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்புகிற காவடிகள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் மூன்று, நாலு கிலோமீட்டர் நடக்கும். அந்த வழியில் இசைக்கருவி வாசிக்க 1973-இல் தடை வந்தது. 2016-இல்தான் வழியில் குறித்த சில இடங்களில் மட்டும் நேரடியாக வாசிக்க அனுமதி கொடுத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல், அலகு குத்திய ஆள் தெருவில் மேளம் இல்லாமலேயே நடந்திருக்கிறார். கூட வருகிறவர்கள் பாடியும் கைதட்டியும்தான் அவரைக் கொண்டு சேர்த்திருக்கிறார்கள்.

இந்த அளவு நமக்கு மட்டும் போட்டது இல்லை. பள்ளிவாசல்களில் ஒலிபெருக்கி உட்பக்கம் பார்த்திருக்கும். தெருவுக்குக் கேட்காத பாங்கு மலாய் வானொலியில் வரும். அடுக்குமாடிகளில் நாலு மொழிக்காரர்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிற ஊர் இப்படித்தான் தன்னை நடத்திக்கொள்கிறது. காவடிக்கு மேளம் வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். உடம்பில் வேல் ஏறியிருப்பவருக்கு நாதம் பிடிமானம். ஆனாலும் அந்த ஊரில் வாசிக்கிற நாளில் அந்த ஊரின் கணக்குக்கு உட்பட்டே வாசிக்க வேண்டும். நீ செய்ய வேண்டியது இதுதான்: கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு இப்போதே சாதகம் பண்ணு. பத்து நிமிஷத்துக்குள் கம்பீர நாட்டையை எடுத்து, மல்லாரியை நிறைவாக வாசித்து இறக்கப் பழகு. நேரம் குறைவு என்று துரிதத்தில் ஓட்டாதே. சங்கதிகளைக் குறைத்துக்கொள், ராகத்தின் உருவத்தில் கை வைக்காதே.

ஓய்வு கிடைக்கிற பகலில் சவுத் பிரிட்ஜ் சாலையில் நட. நாராயண பிள்ளை என்கிற தமிழர் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. சிங்கப்பூரின் இந்துக் கோயில்களில் அதுவே மூத்தது. அங்கிருந்து நாலு அடி வைத்தால் தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல். இன்னும் கொஞ்சம் தள்ளி 2007-இல் திறந்த பெரிய புத்தர் கோயில். அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்குப் போனால், சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயிலும் நாகூர் ஆண்டவர் பெயரால் 1830 வாக்கில் கட்டி முடித்த தர்காவும் ஒரே வரிசையில் நிற்கும். கடல் அந்தக் காலத்தில் அந்தத் தெரு வரைக்கும் இருந்தது. சீனக் கப்பலில் வந்தவரும் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவரும் கரையிறங்கியதும் தங்கள் தங்கள் தெய்வத்துக்கு நன்றி சொன்ன இடங்கள் அவை. நம் மாரியம்மன் கோயிலைச் சுற்றி இருப்பது முழுக்கச் சீனக் கடைவீதி. அங்கே காலபூஜைக்கு வாசிக்கிற பூபாளத்தைக் கடை திறக்கிற சீனப் பெரியவர் தினமும் கேட்கிறார். அவருக்கு ராகப் பேர் தெரியாது, பொழுது தெரியும்.

இனிச் சொல்வதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமானது. சீனர்களுக்கு அவர்களின் ஏழாம் மாதம் நம் பித்ருபட்சம் போல. நம் ஆடி, ஆவணியை ஒட்டி வரும். அப்போது திறந்தவெளியில் கொட்டகை போட்டு அவர்களுடைய கூத்து நடக்கும். நான் அங்கே இருந்த நாளில் ஒரு சாயங்காலம் அப்படி ஒரு கொட்டகை வழியாகப் போனபோது உள்ளேயிருந்து நம் நாயனம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாதிரி என்றால், நம்மைவிடக் கூர்மை, உயர்ந்த சுருதி, ஆனால் அதே ரத்தம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாசிக்கிறவர் கையில் சுவோனா என்கிற சீன நாயனம். மரத்தில் கூம்பாகக் கடைந்த சின்ன உடம்பு, கீழே பித்தளையில் விரிந்த வாய், மேலே ஒரு மெல்லிய குழலில் செருகிய நாணல் சீவாளி. நம்முடையது போலவே இரண்டு இதழ், ஆனால் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதற்குக் கீழே உதடு முட்டி நிற்க ஒரு வட்டத் தகடு. நம் ஒத்துக்காரர்கள் செய்வது போலக் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூச்சு அறாமல் நீள நீளமாக ஊதினார்.

இடைவேளையில் என் பையிலிருந்த சீவாளியை எடுத்துக் காட்டினேன். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இதழ்களின் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்தார். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பக்கவாட்டில் லேசாக ஒரு அழுத்து. சீவாளி வாங்கப் போனால் நீயும் நானும் முதலில் செய்வது அதேதான்! அவர் தன் சீவாளியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலாய்க்காரர்களுக்கும் செருனாய் என்று ஒரு வாத்தியம் உண்டு, அதுவும் சீவாளி வைத்து ஊதுவதுதான். சிலம்பம் போன்ற அவர்களுடைய சிலாட் விளையாட்டுக்கு ஊதுவார்கள். வடக்கத்தி ஷெனாயையும் சேர்த்தால் ஒரே ஊரில் நம் வாத்தியத்தின் சொந்தபந்தம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நம் பாரி நாயனத்தில் ஏழு துளையை வைத்துக்கொண்டு உதட்டாலும் மூச்சாலும் கமகம் பிடிக்கிறோமே, அந்த வித்தையின் அருமை மற்றவர்கள் எப்படி ஊதுகிறார்கள் என்று கேட்டபின்தான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது. தேடிப் போ. கொட்டகைப் பின்புறம் எட்டிப் பார்க்க வெட்கப்படாதே, ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக நில்.

கேட்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பழைய நெல்லை ஜில்லாக்காரர்கள் அங்கே வெகுகாலக் குடிகள். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் குடும்பத்தோடு போய்த் தஞ்சோங் பகார் துறைமுகப் பக்கம் குடியிருந்தவர்கள். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கியது. உமறுப்புலவர் பேரில் 1946-இல் அவர்கள் தொடங்கிய தமிழ்ப் பள்ளி 1982 வரைக்கும் நடந்தது. இன்றைக்கும் அந்தப் பேரில் ஒரு தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. டீக்கடையில் அப்படி ஒரு பெரியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊருவே?" என்றார். சொன்னேன். "காருகுறிச்சியா? அருணாசலம் ஊருல்லா!" என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் பிறந்ததே சிங்கப்பூரில். காருகுறிச்சியைப் பார்த்ததில்லை, நம் ஊர் நாயன வித்வான் அருணாசலம் வாசித்த 'கொஞ்சும் சலங்கை' படம் பார்த்திருக்கிறார்.

உன்னிடமும் அந்தப் படத்தின் 'சிங்கார வேலனே' கேட்பார்கள். தினமும் கேட்பார்கள். 1962-இல் வெளிவந்த பாட்டு, ஜானகியம்மா குரலோடு அருணாசலம் அண்ணாச்சி வாசித்தது. 1964-இல் அவர் போய்விட்டார். படப் பாட்டுதானே என்று அலட்சியமாக ஊதிவிடாதே. ஆபேரியை ஐந்து நிமிஷமாவது ஆலாபனை செய்துவிட்டுப் பாட்டை எடு. பாட்டுக்காக வந்தவர் ராகத்தையும் கேட்டுவிட்டுப் போகட்டும். அந்தப் பேரைச் சொல்லி உன்னிடம் கேட்கிறார்கள் என்பதே உனக்குக் கிடைத்த மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் கட்டட வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் திரண்டுவிடுவார்கள். வாரம் ஆறு நாளும் சாரத்தில் நின்றவர்கள். கோயிலுக்குள் வந்தாலும் முன்னால் வரமாட்டார்கள். தூண் ஓரமாக நின்று கேட்பார்கள். போனை உயர்த்திப் பிடித்து, ஊரில் இருக்கிற மனைவிக்கோ அம்மாவுக்கோ நேரலையில் காட்டுவார்கள். அந்தச் சின்னத் திரையில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையும் கொடியில் காயும் துணியும் தெரியும். அவர்கள் நிற்கிற நேரத்தில் நீ அவசரப்படாதே. சபாவில் வாசிப்பதைவிட அதிக சிரத்தை எடுத்து வாசி. முடிந்தால் ஒன்றிரண்டு பேரிடம் எந்த ஊர், என்ன வேலை என்று கேள். உன் வயசுதான் இருக்கும் அவர்களுக்கு. நீ தங்கும் ஊரின் உயரமான கட்டடங்களைப் பற்றிச் சரியாகச் சொல்லக் கூடியவர்கள் அவர்களே.

காகித விஷயம் சுருக்கமாக: கடவுச்சீட்டு உன் கையிலேயே இருக்கட்டும். வேலை அனுமதி யார் பேரில் இருக்கிறதோ அங்கே மட்டும் வாசி. யாராவது தனிப்பட்ட விசேஷத்துக்குப் பணம் தருகிறேன் என்று கூப்பிட்டால், முதலில் கோயில் அலுவலகத்தில் கேள். ஒப்பந்தத்தைத் தமிழில் யாராவது படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதே.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். எந்த நாள் என்ன ராகம் வாசித்தாய், காற்று எப்படி இருந்தது, எந்தச் சீவாளி பேசியது, தெருவில் என்ன சத்தம் கேட்டது என்று ராத்திரி படுக்குமுன் நாலு வரி எழுது. கிளம்புமுன் ஒரு நாள் வீட்டுக்கு வா. நான் பத்திரமாக வைத்திருக்கிற கனத்த சீவாளிகளில் இரண்டைத் தருகிறேன். திரும்பும்போது எனக்கு வேறொன்றும் வேண்டாம். சீன இசைக்கருவி விற்கும் கடைகள் அங்கே உண்டு. சுவோனாச் சீவாளி நாலைந்து வாங்கி வா, பணம் இங்கே வாங்கிக்கொள். அதன் இதழை எப்படிச் சீவியிருக்கிறார்கள் என்று நம் ஆட்களை உட்காரவைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா