புதிதாக வார்டுக்கு வந்திருக்கும் டாக்டர் பிள்ளைகளுக்கு

1. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பிளாஸ்ட் அணுக்களைப் பார்த்ததும் ஸ்டெம்செல் மாற்று என்று பேச்செடுக்காதீர்கள். முதலில் டவுன் சிண்ட்ரோமா என்று பாருங்கள். முகத்தில் தெரியாவிட்டாலும் குரோமோசோம் சோதனைக்கு அனுப்புங்கள். அந்தக் குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை பிளாஸ்ட் பெருக்கம், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே வடிந்துவிடும். அங்கே அவசரப்படுகிற கைதான் ஆபத்து. ஆனால் கண்காணிப்பை விடாதீர்கள். நாலு வயதுக்குள் சிலருக்கு அசல் ரத்தப் புற்றுநோயே வரும்.

2. ஒரு வயதுக்குட்பட்ட ஏ.எல்.எல். குழந்தைகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு கேஎம்டி2ஏ மரபணு உடைந்திருக்கும். அவர்கள் எல்லாருக்கும் ஸ்டெம்செல் மாற்று தேவைப்படாது. இன்டர்ஃபான்ட்-06 என்ற சிகிச்சை நெறிமுறை அதற்கு வகுத்த வரம்பு இது: வயது ஆறு மாதத்துக்குக் கீழே, அதோடு வெள்ளணு மூன்று லட்சமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீராய்டுக்கு நோய் மசியாதிருக்க வேண்டும். இப்போது பிளினாடுமோமேப் என்ற மருந்து வேறு வந்திருக்கிறது. 2023-இல் வெளியான ஆய்வில் 30 குழந்தைகள்தான். இரண்டு ஆண்டு கழித்து நோயின்றி இருந்தோர் 81.6 சதவீதம். பழைய முறையில் அது 49.4. எண்ணிக்கை சின்னதுதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை வந்தது.

3. “தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்திருக்கிறோம் டாக்டர்” என்பார்கள். இந்த நோய் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பையிலும் அது இருக்கலாம். 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மேன் செய்த முதல் தொப்புள்கொடி மாற்றுகூட நோயாளியின் தங்கை பிறந்தபோது எடுத்த ரத்தத்தில்தான். அதுவும் வேறு நோய்க்கு. இதைப் பெற்றோரை உட்காரவைத்துச் சொல்லுங்கள், நடையில் நின்றுகொண்டு அல்ல.

4. உடன்பிறந்த ஒருவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. தலைப்பிள்ளை என்றால் அதற்கும் வழியில்லை. பதிவேட்டில் தேடும்போதே அப்பா, அம்மாவின் பாதிப் பொருத்தத்தையும் பார்த்து வையுங்கள்.

5. இந்த வயதில் முழு உடல் கதிர்வீச்சைத் தவிர்க்கிறோம். மூளை இன்னும் வளர்கிறது. அதற்குப் பதில் புசல்ஃபான். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்து டோஸைத் திருத்த வேண்டும். ஒரு முறை, மூன்று நாள் பழைய எடையை வைத்து நான் மருந்து எழுதிவிட்டேன். சிஸ்டர் ஒருவர் ஒன்றும் பேசாமல் தராசைத் தூக்கிவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். குழந்தை 300 கிராம் இளைத்திருந்தது. நாலு கிலோ உடம்பில் அது கொஞ்சமா?

6. தராசு கடைசிக் கட்டிலருகே இருக்கிறது. தினமும் காலையில், மருந்து எழுதுமுன், டயாப்பரைக் கழற்றிவிட்டு நீங்களே எடை பாருங்கள்.